பால் தங்காத குழந்தைக்குச் சோறு எப்போது?



உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நடந்துவரும் நமது மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவிலிருந்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் வாசித்துக் கலந்து பேசுவதற்கு இது உதவும். சபையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்து, "குடித்த பாலையெல்லாம் கக்குகிறான், சோறு ஊட்ட ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டால், மருத்துவரிடம் வருமுன் அவள் கேட்பது பெரும்பாலும் உங்களைத்தான். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

எதுக்களித்தல் என்பது என்ன?

உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு உள்ளே போனதும் அது மூடிக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்கு இந்த வளையம் அடிக்கடி தானாகவே தளர்ந்துவிடும். குழந்தையும் நாள் முழுவதும் படுத்தே இருப்பதால் குடித்த பால் மேலே வருகிறது. இதையே நம் வீடுகளில் எதுக்களித்தல் என்கிறோம். 4 மாத வயதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் தினம் ஒரு முறையாவது பால் கக்கும். ஒரு வயதை நெருங்கும்போது 20 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் அது நீடிக்கிறது. கக்கினாலும் எடை ஏறுகிறது, சிரித்து விளையாடுகிறது என்றால் அதற்கு மருந்து வேண்டாம். துணி துவைக்கும் தாய்க்குத்தான் கொஞ்சம் உதவி வேண்டும்.

பால் ஒவ்வாமை வேறு

சில குழந்தைகளுக்குப் பசும்பாலிலுள்ள புரதம் ஒத்துக்கொள்வதில்லை. மேலைநாட்டு ஆய்வுகள் 100-க்கு இரண்டு மூன்று குழந்தைகள் என்று கணக்கிடுகின்றன. வாந்தியோடு மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் காணப்படலாம். தோலில் கரப்பான் வரலாம். எடை ஏறாமல் நின்றுவிடலாம். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் இதற்கு மாற்று ஆகாது. அவற்றின் புரதமும் ஏறக்குறைய அதே வகைதான்.

பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் போவது இன்னொரு காரியம். கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாட்கள் அப்படி இருந்து தானே சரியாகும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, "பாலே ஆகாது" என்று தாய்ப்பாலையும் நிறுத்திவிடுவது நம் கிராமங்களில் அடிக்கடி நடக்கிறது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியம் மிக மிக அபூர்வம். தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் மிகச் சிறிதளவு அவள் பால் வழியே குழந்தைக்குப் போகக்கூடும். அதனால் தாயின் உணவிலிருந்துதான் பாலை விலக்குகிறோம். குழந்தையைத் தாயிடமிருந்து விலக்குவதில்லை.

ஒரு தாயும் ஒரு பாட்டியும்

மூன்றரை மாதக் குழந்தையோடு ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. 2.9 கிலோவாகப் பிறந்த குழந்தை 4.6 கிலோவில் நின்றிருந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து தாய்ப்பாலோடு பசும்பாலையும் சங்கில் புகட்டி வந்திருந்தார்கள். கக்குவதைப் பார்த்துக் குடலேற்றம் என்று தட்டினார்கள். பிறகு தொக்கம் எடுத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. "பால் வயித்துல தங்கலை டாக்டரம்மா. ரெண்டு வாய் கஞ்சி விட்டா கனத்துக்கு நிக்கும். என் நாலு பிள்ளையையும் மூணாம் மாசமே கஞ்சி குடுத்துத்தான் வளர்த்தேன்" என்றார் பாட்டி. மகனின் பிள்ளை கண்முன் மெலிவதைத் தாங்காத மனதிலிருந்து வந்த வார்த்தை அது. தாயோ தன் பாலே விஷம் என்று நம்பி, கொடுப்பதைக் குறைத்திருந்தாள்.

குழந்தையின் மலத்தில் ரத்தக் கீற்று இருந்தது. பசும்பாலை நிறுத்தினோம். தாயின் உணவிலிருந்து பால், தயிர், மோர், நெய், பால் டீ எல்லாவற்றையும் விலக்கினோம். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் குழந்தையை மார்பில் விடச் செய்து பால் சுரப்பை மீட்டோம். பற்றாத அளவைச் சில நாட்கள் சிறப்புப் பால்பவுடரால் ஈடு செய்து பாலாடையில் புகட்டினோம். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. வாந்தி முற்றும் நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது. எடை ஏறத் தொடங்கியது. மூன்றாம் வாரத்துக்குப் பின் தாயை மறுபடி பால் குடிக்கச் சொன்னோம்; மூன்றே நாளில் ரத்தக் கீற்று திரும்பியது. இப்படி நிறுத்திப் பார்த்து, மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே நோயை உறுதி செய்யும் வழி. அதற்குப்பின் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல், நெத்திலி என்று மருமகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறையாமல் சமைத்துக் கொடுத்தவர் அதே பாட்டிதான்.

கஞ்சி கனத்துக்கு நிற்காதா?

பாட்டியின் எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாலைக் கெட்டியாக்கினால் வெளியே கக்குவது சற்றுக் குறையும். புட்டிப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு மருத்துவரே அப்படிச் சொல்வதுண்டு. தாய்ப்பாலில் மாவைக் கலந்தாலோ, அதிலுள்ள செரிமானப் பொருள் மாவை நீர்க்கச் செய்துவிடும். அதைவிட முக்கியமான காரியம் ஒன்றுண்டு. 100 மில்லி தாய்ப்பாலில் ஏறக்குறைய 65 கலோரி இருக்கிறது. நீர்க்க வடித்த கஞ்சியில் அதில் பாதிகூட இராது. வயிறு கஞ்சியால் நிறையும்போது பால் குடிப்பது குறையும். கக்குவது நின்றதுபோல் தோன்றும், குழந்தையோ மெலியும்.

அப்படியானால் சோறு ஊட்டியதும் சரியானதாகப் பலர் சொல்வது எப்படி? எதுக்களித்தல் 4-ஆம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், குழந்தை உட்காரத் தொடங்கும் 6, 7-ஆம் மாதங்களில் தானே தணிகிறது. சோறு ஊட்டும் காலமும் அதுவே. குழந்தை வளர்ந்ததால் வந்த சுகத்தைக் கஞ்சியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

4 மாதமா, 6 மாதமா?

இரண்டையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1979-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 4 முதல் 6 மாதத்துக்குள் திட உணவு தொடங்கலாம் என்றன. 2001-ல் உலக சுகாதாரப் பேரவை 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று தீர்மானித்தது. இன்றும் பொது விதி அதுவே. முந்தைய தலைமுறைத் தாய்மார் தங்கள் காலத்தில் சொல்லப்பட்டதைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

எதுக்களித்தலும் பால் ஒவ்வாமையும் சேர்ந்து வாட்டும் சில குழந்தைகளுக்கு, 6 மாதத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே திட உணவைத் தொடங்க மருத்துவர் சொல்லலாம். அது வாந்திக்கு மருந்தாக அல்ல. பால் தவிர்த்த உணவுகளை ஒவ்வொன்றாகப் பழக்குவதற்கே. அப்போதும் 4 மாதம் நிறைந்திருக்க வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். பிடித்தால் உட்கார வேண்டும். கரண்டியைக் கண்டு வாய் திறக்க வேண்டும். நாக்கு உணவை வெளியே தள்ளினால் காலம் வரவில்லை என்று பொருள். 6 மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. பிறக்கும்போது சேமித்துவந்த இரும்புச்சத்து அந்த வயதில் தீர்ந்துவருகிறது.

எப்படித் தொடங்குவது?

1. ஒரு நேரத்தில் ஒரே புது உணவு. இரண்டு மூன்று சிறு கரண்டியில் தொடங்கி, மூன்று நாள் பார்த்து, அடுத்ததற்குப் போகவும்.
2. குழைந்த சோறும் பாசிப்பருப்பும், தண்ணீரில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், வேகவைத்த நேந்திரம்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு நல்லவை. கரண்டியைச் சாய்த்தால் ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும்.
3. வழக்கமாக நெய் விடுவோம். பால் ஒவ்வாத குழந்தைக்கு அது வேண்டாம். நெய்யிலும் பால்புரதம் சிறிது தங்கும். நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் விடலாம்.
4. டப்பா உணவு, ரஸ்க், பிஸ்கட் ஆகியவற்றில் பால்பவுடர் கலந்திருக்கும். லேபிளை வாசிக்காமல் கொடுக்க வேண்டாம்.
5. முட்டை, மீன் இவற்றை 6 மாதத்துக்குப் பின் வீணாகத் தள்ளிப்போட வேண்டாம். தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது.
6. ஊட்டியபின் அரைமணி நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்திருக்கவும். உடனே தூளியில் போட்டு ஆட்ட வேண்டாம். தூங்கும்போது சமமான இடத்தில் மல்லாந்து படுக்கட்டும்.
7. தாய்ப்பால் தொடரட்டும். பசும்பாலை மறுபடி எப்போது கொடுத்துப் பார்ப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 வயதுக்குள் இந்த ஒவ்வாமை நீங்கிவிடும்.

பச்சை நிறமாக வாந்தி, ரத்த வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, உப்பிய வயிறு, சிறுநீர் குறைதல், துவண்டு கிடத்தல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். குடலேற்றம், தொக்கம் என்று ஒரு நாளைக் கழித்தால் குழந்தையை இழக்க நேரிடலாம்.

வேதத்திலிருந்து ஒரு சிந்தனை

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அன்னாளைக் காண்கிறோம். குழந்தையை ஆலயத்துக்கென்று நேர்ந்துகொண்டவள் அவள். ஆனாலும் பால் மறக்கும்வரை சீலோவுக்குப் போகாமல் வீட்டிலே தங்கினாள். எல்க்கானா அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் பக்கமே நின்றான். ஈசாக்கு பால் மறந்தபோது ஆபிரகாமின் வீட்டிலே விருந்து நடந்ததாக ஆதியாகமம் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. பால்குடி காலத்துக்கும் அது முடியும் காலத்துக்கும் வேதம் மதிப்புக் கொடுக்கிறது. காத்திருக்கும் தாயின் பக்கத்தில் நிற்கும் எல்க்கானாக்கள் இன்று நம் குடும்பங்களுக்கும் சபைகளுக்கும் தேவை.

உங்கள் காணிக்கை செய்கிற காரியம்

தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் பால் ஒவ்வாமை வந்தால், புரதம் நுண்ணியதாகச் சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்பவுடர் வேண்டும். அதன் விலை கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாதது. இந்தியாவில் 1992-ல் இயற்றப்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட குழந்தைப் பாலுணவுச் சட்டம், நிறுவனங்கள் தாய்மாருக்கு இலவச டப்பாக்கள் கொடுப்பதைத் தடை செய்கிறது. அது நல்ல சட்டம். ஆகவே தேவையுள்ள குழந்தைக்கு வேண்டிய டப்பாவைப் பங்காளிகளின் காணிக்கையிலிருந்தே வாங்குகிறோம். உடன் தங்கும் தாய்க்கு மூன்று வேளை உணவும், எடை பார்க்க மறுபடி வருவதற்குப் பேருந்துக் கட்டணமும் அதே நிதியிலிருந்துதான்.

மேலே சொன்ன குழந்தை 6 மாதம் நிறைந்த வாரத்தில் பருப்புச் சோறு உண்ணத் தொடங்கியது. 8-ஆம் மாதம்வரை அவ்வப்போது கக்கத்தான் செய்தது. ஆனால் எடை ஒரு மாதமும் பின்னிடவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கலந்து பேச:
1. நம் சபையில் கைக்குழந்தையோடிருக்கும் தாய்க்கு நாம் சொல்லும் ஆலோசனை அவளைத் திடப்படுத்துகிறதா, பயப்படுத்துகிறதா?
2. அவள் வீட்டு வேலையில் எதை நாம் ஒரு மாதம் பகிர்ந்துகொள்ளலாம்?

ஜெபிக்க:
எடை ஏறாமல் வார்டிலிருக்கும் குழந்தைகளுக்காக. தங்கள் பாலை நம்பாமல் சோர்ந்திருக்கும் தாய்மாருக்காக. அவர்களைத் தாங்கும் பாட்டிமாருக்காகவும் செவிலியருக்காகவும் ஜெபியுங்கள்.