குன்றின்மேல் நின்ற விளையாட்டரங்கு

கல்லூரி வரலாறு எழுதப் புகுவோர் நிறுவியவர் பெயரையும், அதிபர்களின் வரிசையையும், எழுந்த கட்டடங்களையும், பரீட்சைப் பெறுபேறுகளையும் முறைப்படி எழுதி வைப்பர். விளையாட்டு மைதானத்துக்கு அவ்வரலாற்றிலே கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. அதுவும் நிலத்தின் பரப்பும் வாங்கிய விலையுமாக முடிந்துவிடும். ஆயினும் பழைய மாணவர் இருவர் முப்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு கலியாணப் பந்தலிலே எதிர்ப்பட்டுப் பேசத் தொடங்கினால், பேச்சு எங்கே போய் நிற்கின்றது? அட்சரகணிதம் கற்ற அறையிலன்று, மைதானத்தின் வேலியோரத்திலேதான். இஃது ஏன் என்பதே யாம் இங்கு ஆராயப் புகுந்த வினா.

எமது ஊர்க் கல்லூரி ஒன்றை எடுத்துக்காட்டினால் வாசகருட் பாதிப்பேர் கட்சி கட்டி எழுந்துவிடுவர். ஆதலின் எவர்க்கும் பகையில்லாத் தொலைதேசத்து அரங்கொன்றைத் தெரிந்துகொண்டோம். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், உருக்குத் தொழிலாற் பேர்பெற்ற பிற்ஸ்பேர்க் நகரில், 1787ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்றுண்டு. அதன் வளாகத்தில் எழுபத்தைந்து பருவங்கள் நின்ற விளையாட்டரங்கிலே இறுதி ஆட்டம் 1999ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் தேதி நடைபெற்றது. அன்று கூடியவர் 60,190 பேர். அவர்கள் எதனை நினைவிற் கொண்டனர், எதனைக் கையிற் கொண்டு சென்றனர் என்பன ஆராயத்தக்கன.

ஆட்டத்தைப்பற்றி முன்னதாக ஒரு வார்த்தை. அமெரிக்கர் உதைபந்து என்று சொல்வது எம்மவர் ஆடும் உதைபந்தன்று. காலால் உதைப்பது அதிலே மிகச் சிறுபான்மை. றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றலாகிய அதனைப் பக்கத்துக்குப் பதினொருவர், தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஆடுவர். திடலின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறல் வேண்டும். இன்றேற் பந்து எதிரிகளுக்காம். எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. இரு முனைகளிலும் உயர்ந்த இலக்குக் கம்பங்கள் நிற்கும். அக்கம்பங்களை வாசகர் மறவாதிருப்பாராக. பின்னர் அவற்றுக்கு வேலை உண்டு.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் 1925க்கு முன்னர் அயலிலிருந்த போப்ஸ் பீல்ட் என்னும் அரங்கில் ஆடிவந்தனர். அது தொழில்முறை அடிபந்துக் கழகத்தாருக்கு உரியது. இவர்கள் அங்கு குடியிருந்தோரே. தமக்கென ஒன்று வேண்டும் என்னும் வேட்கையாற் குன்றின் சரிவைக் குடைந்து, ஏறக்குறைய இருபத்தொரு இலட்சம் டொலர் செலவிலே, முட்டை வடிவான பெருங்கிண்ணம்போலும் ஓர் அரங்கை அமைத்தனர். 69,400 பேருக்கு அங்கே இருக்கை இருந்தது. 1925 செப்டெம்பர் 26ஆந் தேதி நடந்த முதலாட்டத்தில் வாசிங்ரன் அன்ட் லீ பல்கலைக்கழகத்தை 28–0 என்னும் கணக்கில் வென்றனர். ஆசனப் படிகளின் கீழே கூடைப்பந்துக் கூடமும் இருந்தது. 1951 வரை கூடைப்பந்தும் அங்கேயே ஆடப்பெற்றது.

ஸ்கொத்லாந்திற் பிறந்து, இப்பல்கலைக்கழகத்திலே பல் வைத்தியம் பயின்ற யொக் சதர்லாந்து என்பவர் அக்காலத்துப் பயிற்றுநர். அவருடைய அணிகளைக் காண மக்கள் திரண்டனர். 1938இல் போடாம் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்துக்கு 68,918 பேர் வந்தனர். அரங்கு நின்ற காலமெல்லாம் அத்தொகையை மிஞ்சிய கூட்டம் இல்லை. பிற்காலத்தில் ரோனி டோர்செற் என்னும் ஓட்டவீரர், 1975 நவம்பர் 15ஆந் தேதி, நொற்றர் டேம் பல்கலைக்கழகத்துக்கெதிராக இத்திடலில் 303 யார் ஓடினார். அடுத்த ஆண்டில் அவ்வணி நாட்டின் முதலணியாயிற்று. டான் மரீனோ என்பார் இதே அயலில் வளர்ந்த பிள்ளை. தம் வீட்டயலிலிருந்த அரங்கிலேயே ஆடிப் பெயர்பெற்றவர். நகரத்துத் தொழில்முறை அணியும் 1958 முதல் 1969 வரை இங்கு ஆடியதுண்டு. 1964இல் நியூயோர்க் அணியின் முதுவீரர் வை. ஏ. ரிற்றில் கவசம் கழன்று, வழுக்கைத் தலையில் இரத்தம் வடிய முழந்தாளில் நிற்கும் நிழற்படம் உலகறிந்தது. அது பிடிக்கப்பட்டதும் இத்திடலிலேதான்.

இத்துணைப் புகழும் பதிவேட்டிலே உள. ஆனால் இறுதி ஆட்டத்துக்குச் சென்றோர் சொல்லும் நினைவுகளை நோக்கினால், பதிவேடு பேசுவது ஒன்று, மனிதர் பேசுவது மற்றொன்று. அவர்கள் முதலிற் சொல்வது ஏற்றத்தை. கீழே ஐந்தாம் அவெனியூவிலிருந்து அரங்குக்கு ஏறும் தெரு மிகச் செங்குத்தானது. மாணவர் அதற்கு வைத்த பெயரைத் தமிழ்ப்படுத்தினால் ‘மாரடைப்பு மேடு’ என்றாகும். இருபது வயதிற் பாடிக்கொண்டு ஏறியவன், ஐம்பது வயதிற் பாதிவழியில் மதிலைப் பிடித்து நின்று மூச்சு வாங்கி ஏறினான். அருகே அவன் மகன் ஓடி ஏறினான். ஒரு மனிதனுடைய வயதை அளக்க அம்மேட்டினும் சிறந்த அளவுகோல் அந்நகரில் இருந்திலது. அக்குன்றின் சரிவிலேதான் யோனாஸ் சால்க் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர் இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்தை ஆக்கினார் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஏறுவோருள் எத்தனைபேர் அதனை எண்ணினர் என்பது வேறு.

அடுத்து அவர்கள் சொல்வது குறைகளை! நடைவழிகள் ஒடுக்கம், கழிப்பிடம் போதாது, நவம்பர்க் குளிரிற் கொங்கிறீற்றுப் படி பனிக்கட்டிபோல் இருக்கும் என்பன எல்லாம் முறைப்பாடாகத் தொடங்கிச் சிரிப்பாக முடிகின்றன. குளிருக்கு ஒரு கம்பளியுள் மூவர் ஒதுங்கியதையும், எந்த வரிசையில் எவருக்கு அருகே இருந்தார் என்பதையும் அவர்கள் மறந்திலர். எதிரணி எத்தனை புள்ளி பெற்றது என்று வினவினாலோ, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பர்.

ஈண்டு ஓர் உண்மை புலப்படுகின்றது. நினைவு என்பது நிகழ்ச்சியைப் பற்றி நிற்பதிலும் பார்க்க வழியைப் பற்றி நிற்கின்றது. ஆட்டம் மூன்று மணி நேரம்; ஆனால் விடுதியிலிருந்து புறப்பட்டு, நூல்நிலையத்தைக் கடந்து, தான் கற்ற மண்டபத்தின் நிழலில் நடந்து, மேடேறிச் செல்வது நாள் முழுவதும். பழைய மாணவனுக்கு அவ்வழியே கல்லூரி. அரங்கு வளாகத்துள் இருந்தமையால், ஆட்டம் காண வந்தவன் தன்னை அறியாமலே தன் இளமைக்குள் நடந்து சென்றான். வழியிற் கண்ட இளம் மாணவரும் அவனும் ஒரே கூட்டமாயினர்.

அங்ஙனமாயின் அதனை இடித்தது ஏன்? இடித்தோரைப் பழிப்பது எளிது. யாம் அதனைச் செய்யோம். 1990ஆம் ஆண்டுகளில் அணி நலிந்திருந்தது. பல சனிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான ஆசனங்கள் வெறிதே கிடந்தன. கட்டடமோ மூப்புற்றது, திருத்தப் பெருஞ்செலவாகும். நகர்ப்புறக் குன்றொன்றில் நெருக்குண்ட பல்கலைக்கழகத்துக்கு நிலம் பொன்னிலும் அரியது. ஆண்டில் ஆறு ஏழு நாள் மட்டும் பயன்படும் ஒரு கிண்ணத்துக்காக அத்துணை நிலத்தை ஒதுக்குவதா, அன்றி ஆண்டு முழுவதும் மாணவர் பயன்கொள்ளும் கூடமும் விடுதியும் எழுப்புவதா என்பது வீணான வினாவன்று. நதிக்கு அப்பால் நகராரின் புதிய அரங்கும் எழவிருந்தது. கணக்குப் பார்த்தவர்கள் கணக்கிற் பிழைத்திலர்.

இறுதி நாளுக்கு வருவோம். எதிரணி நொற்றர் டேம். அந்நாட்டில் அதனிலும் பழம்புகழ் வாய்ந்த அணி அரிது. பிற்ஸ்பேர்க் அணியோ அப்பருவம் முழுவதிலும் ஐந்து வென்று ஆறு தோற்றது. வெல்வர் என்று எதிர்பார்த்தோர் பலரல்லர். வழியனுப்பவே பலர் வந்தனர். ஆனால் 37–27 என்னும் கணக்கில் வென்றுவிட்டனர். முதலாட்டமும் வெற்றி, ஈற்றாட்டமும் வெற்றி.

மக்கள் வெள்ளம் படியிறங்கித் திடலிற் பாய்ந்தது. இலக்குக் கம்பங்கள் சாய்க்கப்பட்டன. கம்பம் சாய்ப்பது அந்நாட்டு மாணவரிடம் பெருவெற்றிக்குரிய வழக்கம், அதில் வியப்பில்லை. அன்று நடந்த புதுமை, செயற்கைப் புல்விரிப்பை அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துச் சென்றமையே. ஆசனப் பலகையைப் பெயர்த்துத் தோளில் வைத்து மேட்டிறக்கத்தில் நடந்தோரும் உளர். ஒழுங்கு விரும்பும் ஆசிரியர் இதனைக் குறும்பு என்பர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். எண்ணிப் பார்க்கையில் வேறொன்று தோன்றுகின்றது. செத்தவீட்டிலே மூத்தோரின் வெற்றிலைத் தட்டத்தை ஒருவரும், மூக்குக்கண்ணாடியை ஒருவரும் கேட்டு வாங்கிப் போவதில்லையா? விலைக்கு உதவாப் பொருள்களே அங்கே முதலிற் பங்காகின்றன. உண்மைப் புல்லும் அன்று, நெகிழிப் புல். 1970இல் விரிக்கத் தொடங்கிய வகையினது. சதர்லாந்தின் வீரர் ஓடிய மண் அன்று அது. ஆயினும் கொண்டு போனவர்க்கு அஃது ஒரு பொருட்டன்று.

அடுத்த மாதமே இடிப்பு வேலை தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டுப் பருவத்தை அணியினர் நதிக்கரையிலிருந்த வேறோர் அரங்கில் ஆடினர்; அதுவும் 2001 பெப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2001 முதல் நகரத்துத் தொழில்முறை அணியுடன் நதிக்கு அப்பாலுள்ள புதிய அரங்கிற் பங்காளிகளாய் ஆடிவருகின்றனர். 1925க்கு முன்னிருந்த குடியிருப்பு நிலைமை மீண்டது என்க. மாணவர் பேருந்தேறிச் செல்கின்றனர். ஆசனம் வசதி, கழிப்பிடமும் தாராளம். 2021இல் அவ்வணி தன் மண்டலத்து வெற்றிக்கேடயத்தையும் பெற்றது. ஆதலின் வெற்றி வேறு, வீடு வேறு. பழைய மாணவன் இன்று தன் வாகனத்தை அரங்கின் வாயிலில் நிறுத்தி, ஆட்டங்கண்டு, அவ்வழியே திரும்பிவிடலாம்; தான் கற்ற மண்டபத்தின் நிழல் அவன்மேற் படுவதில்லை.

இக்கூற்றை மறுப்பதற்கும் ஒரு சான்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இடித்த இடத்தில் 2002இல் 12,500 பேர் கொள்ளும் கூடைப்பந்துக் கூடம் திறக்கப்பட்டது. குளிர்கால இரவுகளில் மாணவர் அதே மேட்டில் ஏறி அதனை நிறைத்தனர். அவர்களுக்கு அக்குன்றின் நினைவு கூடைப்பந்தே. இவ்விடத்தில் என்ன நின்றது என்று அவர்களைக் கேட்டால், தந்தையர் சொன்ன கதை என்பர். ஒரு தலைமுறையின் இழவு அடுத்த தலைமுறையின் முற்றமாகின்றது. எனினும் உதைபந்துக்கு வளாகத்துள் மீண்டும் ஓரரங்கு வேண்டும் என்னும் குரல் பழைய மாணவரிடையே இடையிடையே எழாமலில்லை.

அது வெறுங்கனவென்று சொல்வாருக்கு மினசோற்றாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்காட்டலாம். முதல் உலகப் போரிற் பணியாற்றியோரின் ஞாபகார்த்தமாக 1924இல் எழுந்த அதன் செங்கல் அரங்கிலே, 1981 நவம்பர் 21ஆந் தேதி இறுதி ஆட்டம் நடந்தது. விஸ்கொன்சின் அணியிடம் 26–21 எனத் தோற்றனர். மறு ஆண்டு நகரின் நடுவிலிருந்த கூரையிட்ட அரங்குக்குப் பெயர்ந்தனர். பனியும் மழையும் இல்லாத இடம். ஆயினும் இருபத்தேழு பருவங்களின் பின் அவ்வசதியை உதறிவிட்டு, 2009 செப்டெம்பர் 12ஆந் தேதி, வளாகத்துள் திறந்த வானின்கீழ்ப் புதிதாய்க் கட்டிய அரங்கில் ஆடினர். குளிரை நாடி விலைகொடுத்துத் திரும்பினர் எனலாம்.

பழைய செங்கல் அரங்கு 1992இல் இடிக்கப்பட்டபோது, அதன் பெருவளைவு வாயிலை மட்டும் காத்துவைத்தனர். 2000ஆம் ஆண்டில் திறந்த பழைய மாணவர் மண்டபத்தினுள்ளே அவ்வளைவு மீண்டும் கட்டப்பட்டுள்ளது. கூட்டத்துக்கு வரும் முதியோர், ஒருகால் தோழரோடு நுழைந்த அதே வாயிலின் கீழே இன்று நடந்து செல்கின்றனர்.