மின்கலங்களை இணைக்கும் முறை

மின்னணுக் கருவிகளைத் தாமே செய்து பார்க்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கற்க வேண்டியது, மின்கலங்களைத் தேர்ந்தெடுத்து இணைக்கும் முறையாகும். விடியுமுன் பால் வெட்டச் செல்வோர் தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நிரையின் நடுவில் அது அணைந்துவிட்டால் வேலை தடைப்படும். காலடியில் கிடக்கும் பாம்பும் கண்ணுக்குத் தெரியாது.

'டபுள் ஏ' அளவுள்ள ஆல்கலைன் மின்கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 2,000 மில்லிஆம்பியர்-மணி. ஒரு கலத்தின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்ப்பது தொடர் இணைப்பு. இதில் அழுத்தம் கூடும், கொள்ளளவு கூடாது. நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு. இதில் கொள்ளளவு கூடும், அழுத்தம் கூடாது.

வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் அழுத்தமும் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் தேவை. இரு கலங்களின் 3 வோல்ட் போதாது. மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். மிகுதியான 1.3 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 65 வரும். ஆகவே, கடையில் கிடைக்கும் 68 ஓம் தடையை ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனித்தனியே பொருத்த வேண்டும்.

ஐந்து எல்.இ.டி.களுக்கு 100 மில்லிஆம்பியர் செலவாகும். 2,000-ஐ 100-ஆல் வகுத்தால் 20 மணி நேரம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் எரித்தால் பத்து நாள் வரும். முடிவு நெருங்க ஒளி மங்கும். இவ்வாறு மும்மூன்று கலங்கள் கொண்ட இரு வரிசைகளைப் பக்கமாக இணைத்தால் இருபது நாள் வரும். ஆனால் தலையில் சுமக்கும் பாரமும் இரட்டிப்பாகும்.

சிறிய 9 வோல்ட் பேட்டரி கைக்கு அடக்கமானதுதான். எனினும் அதன் கொள்ளளவு சுமார் 500 மில்லிஆம்பியர்-மணியே. இவ்விளக்கை அது ஐந்து மணி நேரம்கூடத் தாங்குவது அரிது. அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் தடைகளில் வெப்பமாக வீணாகும்.

மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ட்தான். அதனால் நான்கு கலங்களையும் 82 ஓம் தடைகளையும் பயன்படுத்துக.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்து இணைக்கலாகாது. வலுவிழந்த கலம் கசிந்து கருவியைக் கெடுக்கும்.

2. நேர்முனையையும் எதிர்முனையையும் வெறும் கம்பியால் நேரடியாக இணைக்கலாகாது.

3. லித்தியம் கலங்களைப் பாதுகாப்புச் சுற்று இன்றியும், அவற்றிற்குரிய மின்னேற்றி இன்றியும் பயன்படுத்தலாகாது. அவை தீப்பற்றக்கூடும்.

முதலில் தேவையான அழுத்தத்தைக் கணக்கிடுக. அடுத்து எரிய வேண்டிய நேரத்தைக் கணக்கிடுக. அதன் பின்னரே கடைக்குச் செல்க. தாளில் போடும் கணக்கு வீண்செலவைத் தடுக்கும். இருளில் துணையும் நிற்கும்.