டால்மேஷியன் கற்றுத்தரும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மனிதன் பழக்கிய விலங்குகளுள் மிகப் பழமையானது நாய். வேட்டைக்கும் காவலுக்கும் மந்தை மேய்ப்பதற்கும் துணை வந்த இவ்விலங்கை, மனிதன் தன் தேவைக்கும் விருப்பத்திற்கும் ஏற்பப் பல வடிவங்களில் வார்த்தெடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் குட்டிநாயும், கன்றுக்குட்டியின் உயரம் நிற்கும் பெருநாயும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவையே. இவ்வுருவங்களை வகுத்தவன் மனிதன் என்றால், உருவத்தோடு ஒட்டி வரும் நோய்களுக்கும் அவனே பொறுப்பேற்க வேண்டாமா? அப்பொறுப்பை ஏற்க முன்வந்த அமைப்புகள் எவ்வாறு பணிபுரிகின்றன, எங்கே தயங்கி நின்றன என்பதை டால்மேஷியன் என்னும் நாயினத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூடிய பதிவேடு

1873ஆம் ஆண்டு இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. 1884இல் அமெரிக்க கென்னல் கிளப் அமைந்தது. இச்சங்கங்களின் தலையாய பணி இனப் பதிவேட்டைப் பராமரித்தலாகும். தாயும் தந்தையும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் அதில் இடம் உண்டு. இதனால் ஒரு நாயின் கால்வழியைப் பல தலைமுறைகள் பின்னோக்கிச் சென்று அறிய முடிகிறது. மரபியல் ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் கிடைப்பது அரிது.

ஆயினும் இந்த நன்மையிலேயே ஒரு தீமையும் மறைந்திருக்கிறது. பதிவேடு மூடப்பட்டபின் வெளியிலிருந்து புதிய மரபணு எதுவும் உள்ளே வர வழியில்லை. கண்காட்சியில் பரிசு பெற்ற ஓர் ஆண்நாயையே பலரும் இனப்பெருக்கத்திற்கு நாடுவர். அதனிடம் மறைந்திருக்கும் ஒடுங்கு பண்பு சில தலைமுறைகளில் இனம் முழுவதும் பரவிவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் ஆடு வளர்ப்போர் ஒரே கிடாயை நெடுங்காலம் மந்தையில் வைத்திருப்பதில்லை. வேற்றூர்க் கிடாயை மாற்றிக் கொண்டுவருவர். பள்ளிக்கூடம் போகாதவர்களும் பட்டறிவால் கண்ட இவ்வுண்மையை, பதிவேட்டின் தூய்மையில் மனம் ஊன்றிய சங்கங்கள் நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

புள்ளிநாயின் குறை

வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் அல்லது பழுப்புப் புள்ளிகள் நிறைந்த அழகிய நாய் டால்மேஷியன். இதன் சிறுநீர் மற்ற நாய்களின் சிறுநீரைப் போன்றதன்று என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிவியலாருக்குத் தெரிந்திருந்தது.

உணவிலுள்ள பியூரின்கள் உடலில் சிதைந்து யூரிக் அமிலமாகின்றன. பெரும்பாலான பாலூட்டிகளில் கல்லீரலிலுள்ள யூரிக்கேஸ் என்னும் நொதி இதனை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது. மனிதனுக்கு இந்நொதி இல்லை. டால்மேஷியனுக்கு நொதி உண்டு. ஆனால் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் புரதம் பழுதுற்றிருக்கிறது. ஆலை இருந்தும் கரும்பு வந்து சேர வழியில்லாத நிலை இது. சிறுநீரகமும் யூரிக் அமிலத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆகவே அது மிகுதியாகச் சிறுநீரில் கலந்து, சில நாய்களில் கற்களாகத் திரள்கிறது. ஆண்நாய்களில் சிறுநீர் வெளியேறும் குழாய் குறுகலானது. அதில் கல் அடைத்துக்கொண்டால் நாய் சிறுநீர் கழிக்க இயலாமல் துடிக்கும். உடனே மருத்துவம் செய்யாவிடில் உயிரே போய்விடும்.

எல்லா டால்மேஷியன்களுக்கும் கல் உண்டாவதில்லை. ஆனால் தூய டால்மேஷியன்கள் யாவும் இக்குறையுடனேயே பிறந்தன. இது உடற்குரோமோசோமில் அமைந்த ஓர் ஒடுங்கு பண்பு. இனத்தில் இருந்த ஒவ்வொரு நாயும் பழுதுற்ற மரபணுவை இரட்டையாகப் பெற்றிருந்தது. தெளிவான, பெரிய புள்ளிகளை விரும்பித் தேர்ந்தெடுத்தபோது அவற்றோடு இப்பழுதும் சேர்ந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நோயுள்ளவற்றை விலக்கி, நோயற்றவற்றை மட்டும் இனப்பெருக்கத்திற்குத் தேர்ந்தெடுப்பது வழக்கமான முறை. நோயற்றது ஒன்றுகூட இல்லாத இனத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு பிற்கலப்பு

இதற்கு விடை கண்டவர் அமெரிக்க மரபியலார் இராபர்ட் ஷைபிள். 1973ஆம் ஆண்டு அவர் ஒரு டால்மேஷியன் பெண்நாயைப் பாயின்டர் இனத்து ஆண்நாயுடன் சேர்த்தார். முதல் தலைமுறைக் குட்டிகள் யாவும் ஓர் இயல்பான மரபணுவையும் ஒரு பழுதுற்ற மரபணுவையும் பெற்றன. இயல்பானது ஓங்கு பண்பாகையால் அவற்றின் சிறுநீரில் குறையில்லை. ஆனால் புள்ளிகள் டால்மேஷியனின் புள்ளிகளைப் போல் அமையவில்லை.

எனவே அக்குட்டிகளை மீண்டும் தூய டால்மேஷியனுடன் சேர்த்தார். இது நாம் வகுப்பில் படிக்கும் பிற்கலப்பேயாகும். பிறந்தவற்றுள் பாதி இயல்பானவை, பாதி குறையுள்ளவை, அதாவது 1:1. சிறுநீரைச் சோதித்து இயல்பானவற்றைத் தெரிந்தெடுத்து, மறுபடியும் டால்மேஷியனுடன் சேர்த்தனர். தலைமுறைதோறும் பாயின்டரின் பங்கு பாதியாகக் குறையும். சராசரிக் கணக்கில் முதல் தலைமுறையில் 1/2, இரண்டாவதில் 1/4, ஐந்தாவதில் 1/32, பத்தாவதில் 1/1024. தோற்றத்திலும் குணத்திலும் டால்மேஷியன். மாறியது அந்த ஒரு மரபணுவும் அதன் அண்டைப்பகுதியும்தாம். பட்டாணிச் செடியை வைத்து நாம் போடும் கணக்கு ஓர் உயிரினத்தின் வேதனையைத் தீர்க்கும் கருவியாவதை இங்கே காண்கிறோம்.

முப்பதாண்டுத் தயக்கம்

1981ஆம் ஆண்டு அமெரிக்க கென்னல் கிளப் ஐந்தாம் தலைமுறை நாய்கள் இரண்டைப் பதிவுசெய்தது. ஆனால் டால்மேஷியன் சங்கத்தின் உறுப்பினர் பலர் எதிர்த்தமையால் மேற்கொண்டு பதிவு நிறுத்தப்பட்டது. வேற்றினக் கலப்பால் புதிய நோய்கள் நுழையலாம், இனத்தின் அழகு குன்றலாம் என்று அவர்கள் அஞ்சினர். இவ்வச்சம் முழுவதும் வீண் என்று நான் கூறமாட்டேன். பல தலைமுறைகள் பாடுபட்டு வளர்த்தவர்களுக்குத் தம் இனத்தின்மீது பற்று இருப்பது இயல்பே. எனினும் அந்தப் பற்றின் விலையைக் கொடுத்தவை நாய்கள்.

2008ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இக்குறைக்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். அதில் ஓர் எழுத்து மாறியதால் புரதத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல் அலனின் அமைந்திருந்தது. அதன்பின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவியெடுத்தே குட்டியின் நிலையை அறிய முடிந்தது. ஐயத்திற்கு இடமில்லாத இச்சோதனை வந்தபின் எதிர்ப்பும் தளர்ந்தது. 2010இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும், 2011இல் அமெரிக்க கென்னல் கிளப்பும் பிற்கலப்பு வழிவந்த நாய்களை ஏற்றுக்கொண்டன. முதல் கலப்பிலிருந்து இதற்குள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வெளிப்படையான பதிவுகள்

எல்லாக் குறைகளும் ஒரே மரபணுவால் வருவன அல்ல. பெருநாய்களை முடமாக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பல மரபணுக்களாலும் உணவு, உடல் எடை முதலியவற்றாலும் உண்டாவது. இதனை ஆராய 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் விலங்குகளுக்கான எலும்பியல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இரண்டு வயது நிறைந்த நாயின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்து அனுப்பினால், வல்லுநர் மூவர் தனித்தனியே பார்த்து ஏழு தரங்களுள் ஒன்றை வழங்குவர்.

2001இல் தொடங்கப்பட்ட நாய் நலத் தகவல் மையத்தின் முறை என்னை மிகவும் கவர்ந்தது. எந்த இனத்திற்கு எந்தச் சோதனைகள் வேண்டுமென்பதை அந்தந்த இனச் சங்கமே முடிவுசெய்கிறது. சோதனைகளை முடித்து முடிவுகளை வெளியிட்டால் நாய்க்கு ஓர் எண் கிடைக்கும். நாய் தேறியிருக்க வேண்டும் என்பதில்லை. முடிவை மறைக்காமல் இருந்தால் போதும். குறையை மறைக்காதவனுக்கே மதிப்பு என்பது இதன் அடிப்படை.

இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டு பி.பி.சி. ஒளிபரப்பிய படம் ஒன்று உட்கலப்பின் தீமைகளைப் பொதுமக்களுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டே தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறப்புகள் ஆகியோரின் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என்று கென்னல் கிளப் அறிவித்தது. கேம்பிரிட்ஜ் விலங்கியல் அறிஞர் பேட்ரிக் பேட்சன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2010இல் வெளிவந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒடுங்கு நோயின் மரபணுவை ஒன்று மட்டும் தாங்கிய நாயை நோயற்ற நாயுடன் சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. தாங்கிகள் அனைத்தையும் விலக்கிவிட்டால், அவற்றிடமுள்ள நல்ல மரபணுக்களும் போய், இனம் மேலும் குறுகும். எனவே சோதனை என்பது நாய்களைக் கழித்துக்கட்டுவதற்கன்று. தக்க இணையைத் தேர்ந்தெடுப்பதற்கே.

நம் நாட்டு நாய்கள்

டால்மேஷியனுக்கு மற்றொரு குறையும் உண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாதபோது செவிப்புலன் அழிகிறது. வெண்மை மிகுந்த இனங்களில் இது காணப்படுகிறது. அமெரிக்க டால்மேஷியன்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது, ஒரு செவியிலோ இரு செவிகளிலோ கேட்கும் திறனின்றிப் பிறப்பதாகக் கண்டறிந்துள்ளனர். பால் வெண்மைக்குப் பெயர் பெற்ற நமது இராஜபாளையம் நாயிலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போர் அறிவர். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை அந்நாய்க்கு உண்டு. 1896இல் தோன்றிய இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகமும் சென்னையிலேயே உள்ளது. குட்டிகளின் செவியைச் சோதித்து, முடிவை ஒளிக்காமல் எழுதி வைத்து, அதன்படி இணை சேர்க்கும் பழக்கம் நம்மிடையே பரவுமானால், அஞ்சல் தலையைவிடப் பெரிய பெருமை அதுவேயாகும். வாங்குவோரும் குட்டியின் நிறத்தைக் கேட்குமுன் பெற்றோரின் உடல்நலத்தைக் கேட்க வேண்டும்.

முடிவுரை

பதிவேடு தீயதன்று. அது இல்லையேல் நோயின் வழியைக் கண்டிருக்கவும் முடியாது. பிற்கலப்பின் தலைமுறைகளைக் கணக்கிட்டிருக்கவும் முடியாது. ஆனால் பதிவேடு நாய்க்காக ஏற்பட்டதேயன்றி, நாய் பதிவேட்டிற்காகப் பிறந்ததன்று. உள்ளே மருந்து இல்லாதபோது கதவைத் திறக்கும் துணிவும், திறந்தபின் ஒவ்வொரு தலைமுறையையும் சோதித்துப் பார்க்கும் பொறுமையும் இனச் சங்கங்களுக்கு வேண்டும். நாளை கால்நடைத் துறையிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றப் போகும் நம்மில் சிலர் இத்தகைய பதிவேடுகளை எழுதும் இடத்தில் அமரக்கூடும். அப்போது வாயில்லா உயிரின் வலியையும் ஒரு பத்தியாகச் சேர்த்து எழுதுவோமாக.