வெறுங்காலுக்கு ஏற்ற ஏரிக்கரை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் 2010-இல் ஒரு நடைபாதை திறந்தார்கள். சுமார் 18 கி.மீ. நீளம். ஆடையில்லாமல் நடக்க விரும்புவோருக்கென்றே குறித்துவிட்ட வழி. அம்மணமாக நடப்பவர்களைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் இதற்குமேல் வர வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஆவடிப் பக்கம் அப்படி ஒரு வழி உண்டா என்று கேட்டால், கிடையாது. ஆனால் அந்த நடைக்காரர்கள் தேடிப் போவதில் பாதி, அதாவது ஆள் நடமாட்டம் குறைந்த மண்பாதையும் மேலே படும் காற்றும் செருப்பில்லாத காலும், நம் ஏரிக்கரைகளில் இன்னும் கிடைக்கிறது. அந்தப் பாதிக்கான குறிப்புகள் இவை.

1. முதலில் சட்டம். பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாக ஆபாசச் செயல் செய்தால், 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு பாயும். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 294. நடிகர் மிலிந்த் சோமன் 2020 நவம்பரில் கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடிய படத்தை வெளியிட்டதும் அவர்மீது வழக்குப் பதிவானது. படமாகப் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். அதில் முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏதோ நாம்தான் கட்டுப்பெட்டி என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலம் அம்மண மலைநடையை 2009-இல் தடை செய்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2011-இல், அம்மண நடைக்கு மாநிலங்கள் அபராதம் விதிப்பது செல்லும் என்றது.

2. "ஆளே இல்லாத இடம்" என்று ஒன்று இந்தப் பக்கம் இல்லை. காலியாகத் தெரியும் தோப்பில் ஆடு மேய்ப்பவர் இருப்பார். ஏரிக்கு அக்கரையில் தூண்டில் போடுபவர் இருப்பார். இப்போது கூடுதலாக எட்டாவது மாடி பால்கனிகளும் வந்துவிட்டன. ஆடையில்லாமல் காற்று வாங்க வேண்டுமென்றால் தாழிட்ட சொந்த அறை ஒன்றே இடம். மொட்டைமாடி சொந்தமானாலும் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து தெரியுமானால் அதை அறையாகக் கருதாதீர்கள்.

3. இது முழுக்க மேல்நாட்டுச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். நவீன அம்மணச் சங்கங்களில் மிகப் பழையதாக வரலாற்றில் குறிக்கப்படுவது இந்தியாவில்தான் தொடங்கியது. 1891-இல் பம்பாய் மாகாணத்தின் தாணேவில் நீதிபதியாக இருந்த சார்லஸ் கிராஃபர்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கினார். மொத்த உறுப்பினர்கள் மூன்றே பேர். இன்னும் பக்கத்தில் பார்த்தால், ஆவடிக்கு வடக்கே ஆரணி ஆற்றங்கரையில் உள்ள பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் வேப்பிலையையே ஆடையாகக் கட்டிக்கொண்டு வலம்வரும் வேண்டுதல் உண்டு. உள்ளே துணி உடுத்தி அதன்மேல் வேப்பஞ்சேலை கட்டுபவர்களே இன்று அதிகம். ஆடையணியாத திகம்பரச் சமண முனிவர்கள் கையில் மயிற்பீலியுடன் ஊர் ஊராகக் கால்நடையாகவே போகிறார்கள். இவையெல்லாம் வேண்டுதலும் துறவும். இவற்றைக் காட்டி ஞாயிற்றுக்கிழமை உல்லாச நடைக்கு உரிமை கேட்க முடியாது. கேட்பது நியாயமும் இல்லை.

4. பாதை தேடுவதற்கு கைப்பேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சி போதும். நீர்ப்பரப்பின் ஒரு பக்கம் மட்டும் நேராக, அல்லது லேசாக வளைந்த கோடாகத் தெரிந்தால் அதுதான் கரை. மற்ற பக்கங்கள் ஒழுங்கற்று இருக்கும். அங்கிருந்துதான் தண்ணீர் ஏரிக்குள் வருகிறது. கரையின் மேல் பழுப்பு நிறத்தில் கோடு ஓடினால் மண்பாதை, சாம்பல் நிறமானால் தார் அல்லது சிமெண்ட். கரைக்குக் கீழே பச்சைக் கட்டங்கள் இருந்தால் இன்னும் பயிர் செய்கிறார்கள் என்று பொருள். அந்தப் பாதையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உழவர் தினமும் நடக்கும் கரையில் முள்ளும் குறைவு, குடிகாரக் கூட்டமும் குறைவு.

5. அது பொதுவழியா, யாருடைய பட்டா நிலமா என்ற சந்தேகம் வந்தால் தமிழக அரசின் நில ஆவணங்களுக்கான இணையதளத்தில் 'அ' பதிவேடு பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அது ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை போன்ற புறம்போக்கா என்பது தெரியும். புல எண் தெரியாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அதைவிட வேகமாகத் தெரிந்திருக்கும்.

6. எங்கே போகலாம்? பழக்கமில்லாதவர்கள் ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் தொடங்குங்கள். 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நடைபாதை இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. அமைதி என்று சொல்ல முடியாது, பாதுகாப்பு என்று சொல்லலாம்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் இரட்டேரிக்கும் தண்ணீர் போகும். இந்தச் சங்கிலியில் நடப்பவர்கள் வெறுங்காலை மறந்துவிடுங்கள். கழிவுநீர் கலப்பது குறித்து ஊர்மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. செருப்போடு, பறவை பார்க்க மட்டும் போகலாம்.

பெரிய நடைக்கு செம்பரம்பாக்கம். நீர்மட்டத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நீர் இருக்கும் காலத்தில் கூழைக்கடா, நாமக்கோழி, நாரையெல்லாம் பார்க்கலாம். ஆனால் இது குடிநீர் ஏரி. காவலர் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் இறங்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மதகு திறக்கும் அறிவிப்பு வந்துவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளம் அடையாற்றுக்காரர்களுக்கு மறந்திருக்காது.

என்னைக் கேட்டால், உண்மையான அமைதி மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டிய பிறகுதான். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ஏதாவதொரு நிலையத்தில் இறங்கி, வீட்டுமனை விளம்பரப் பலகைகள் முடியும் இடம் வரை நடந்தால் வயல்வரப்பு தொடங்கும். அந்த எல்லை ஆண்டுதோறும் மேற்கே நகர்கிறது. சென்ற ஆண்டு நடந்த வரப்பு இந்த ஆண்டு 'கேட்டட் கம்யூனிட்டி'யின் சுவருக்குள் போயிருக்கலாம்.

7. எங்கே போகக் கூடாது? ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் என்று பாதுகாப்புத் துறை இடங்கள் நிறைய. மதில் ஓரம் நிழலும் அமைதியுமாகத்தான் இருக்கும். ஆனாலும் அங்கே சுற்றுவதும் படமெடுப்பதும் வீண் வம்பு. அடுத்தது, பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு வரும் இணைப்புக் கால்வாய். கரை நேராக, நடக்க ஆசை வரும்படி இருக்கும். உள்சரிவு சிமெண்ட், பாசியில் வழுக்கி விழுந்தால் பிடித்து ஏற எதுவும் இல்லை. குழந்தைகளோடு வேண்டவே வேண்டாம்.

8. நேரம்: பொழுது விடியும்போது. மே கடைசியில் சென்னையில் 5.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டும். கோடையில் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தார் சூடேறிவிடும், மண்ணும் பின்னாலேயே வரும். மாலை நடை இனிமைதான் என்றாலும், இருட்டத் தொடங்கியதும் கரைகளுக்குப் பாட்டிலோடு வருபவர்கள் வேறு வகை.

9. உடை: பழைய மல் வேட்டி, கைத்தறித் துண்டு, தளர்ந்த பருத்திச் சட்டை. பெண்களுக்கு நைந்த பருத்திச் சுடிதார். பல தடவை துவைத்துத் துவைத்து மெலிந்த துணியில்தான் காற்று நன்றாகப் புகும். புதுத் துணியில் கஞ்சி போகும்வரை புழுக்கம். ஓட்டப்பந்தயத்துக்கான பாலியெஸ்டர் பனியன் விலையும் கூட, நம் ஊர் வேர்வைக்கு நாற்றமும் கூட. ஆண்கள் வயல்வெளியில் மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டால் ஊரில் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். உழவரும் அப்படித்தான் நடக்கிறார். பள்ளிக்கூடம், கோயில், பெண்கள் துவைக்கும் படித்துறை பக்கம் வரும்போது சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

10. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் காலைப் பழக்க வேண்டும். முதல் வாரம் வீட்டுத் தரை, அடுத்து மொட்டைமாடி, பிறகு மணல், அதன் பிறகே ஏரிக்கரை. ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும். அடியை நீட்டி வைக்காமல் சின்னச் சின்னதாக வையுங்கள். குதிகாலில் ஓங்கி மிதிக்காதீர்கள். செருப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போகாமல், துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

11. முள்: கோடையில் நெருஞ்சி, எல்லாப் பருவத்திலும் சீமைக் கருவேலம். கருவேலம் வெட்டிய இடத்தில் ஒருபோதும் செருப்பைக் கழற்றாதீர்கள். மண்ணில் புதைந்த முள் வெளியே தெரியாது. தைத்துவிட்டால் தட்டி உள்ளே தள்ளாமல், வெந்நீரில் காலை ஊறவைத்து, சோப்பால் கழுவி, தீயில் காட்டி ஆறவைத்த ஊசியால் நெம்பி, முள்வாங்கியால் இழுங்கள். எருக்கம்பால் வைத்தால் முள் தானே வரும் என்பார்கள். அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. வேண்டாம். ஆழமாக ஒடிந்து நின்றால் மருத்துவரிடம் போங்கள்.

12. கண்ணாடிச் சில்லும் பாம்பும். சில்லு காலை வெயிலில் மினுங்கும். எனவே சூரியனைப் பார்த்தபடி நடந்தால் முன்கூட்டியே தெரியும். பாம்பு கரையோரப் புல்லிலும் எலி வளை உள்ள வரப்பிலும் இருக்கும். கண்ணாடி விரியன் விலகிப் போகாமல் அங்கேயே சுருண்டு கிடக்கும். புல் மறைத்த இடத்தில் கழியால் தட்டிக்கொண்டே போங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்துக்கு விஷம் தருபவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்.

13. மலம் கழிக்கும் ஒதுக்குப்புறங்களில் கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தேங்கிய மழைநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சிறு வெட்டு இருந்தாலே போதும். ஆகவே மழைக்கு மறுநாள் வெறுங்கால் நடை இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்கு வரை சோப்பால் கழுவி, துடைத்து, பித்தவெடிப்பு இருந்தால் இரவில் விளக்கெண்ணெய் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

14. சர்க்கரை நோயாளிகளுக்கு வெறுங்கால் நடை கூடவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் தைத்ததே தெரியாது. அந்தச் சின்னப் புண் விரலை எடுப்பதில் முடிந்த வீடுகள் உண்டு. "மண்ணில் நடந்தால் சர்க்கரை இறங்கும்" என்று பரப்பும் வாட்ஸ்ஆப் மாமாக்களை நம்பாதீர்கள். இறக்குவது நடை, செருப்போடு நடந்தாலும் இறங்கும்.

15. பெண்கள் இருவர் மூவராகப் போங்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எரிச்சல்தான், இருந்தாலும் சொல்லாமல் முடியாது. 'காவல் உதவி' செயலியைக் கைப்பேசியில் வைத்திருங்கள்; அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. 2022 முதல் இந்தப் பகுதிக்குத் தனி ஆவடி காவல் ஆணையரகம் இருக்கிறது.

16. ஒரு நாள் முழுவதும் காட்டில் நடக்க ஆசைப்படுபவர்களுக்கு: வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழிகளில் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகளும் உண்டு. முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம், காலணியும் அப்படியே. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். அந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்; அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். செருப்பும் சட்டையும் இல்லாமல் கொசஸ்தலையாற்றங்கரையில் நடந்த முதல் ஆட்களின் கைவேலை.

17. நடக்கும் கரை ஒன்றை யாராவது வேலியிட்டு அடைத்தால், புல எண்ணோடு படமெடுத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்டத்தை மாற்றிவிடாதீர்கள்: அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர், செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம். மனுவுக்கு எண் போட்டுத் தரும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.