பதினொரு விதைகள்



சென்ற ஆண்டு நான் ஒரு தப்பு செய்தேன். இந்தப் பாடத்தை அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு தாத்தா தக்காளி வளர்த்தார். பழம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் நல்ல புளிப்பு. அம்மா ரசத்துக்கு அதைத்தான் கேட்பார். சிங்கப்பூரில் பெரிய தக்காளிச் செடிகள் பூத்தாலும் காய் பிடிப்பது சிரமம். இரவிலும் தணியாத சூட்டில் பூ உதிர்ந்துவிடும். தாத்தாவின் செடியோ கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பல வருஷமாக அவரே விதை எடுத்து, அவரே விதைத்து வந்த செடி அது.

ஒருநாள் நன்றாகப் பழுத்த பழம் ஒன்றை என் கையில் கொடுத்து, "தின்னுடாத தம்பி, விதை எடுத்து வை. என்கிட்ட மட்டும் இருந்தா போதாது" என்றார். நானும் எடுத்தேன். பிழிந்து, லேசாகக் கழுவி, டிஷ்யூவில் பரப்பி, மறுநாளே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்தில் வாடல் நோய் வந்தது. பச்சையாக நின்ற செடிகள் சில நாளிலேயே துவண்டு சாய்ந்தன. தாத்தாவோ கைவசம் இருந்த விதை எல்லாவற்றையும் அந்த முறை விதைத்திருந்தார். "பரவாயில்லை, உன்கிட்ட இருக்குல்ல?" என்றார். மேலே ஓடிப்போய்ப் பையைத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை. நனைத்துப் பார்த்தேன், ஒரு விதைகூட முளைக்கவில்லை.

அதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

எந்தப் பழத்தில் எடுப்பது?

தேக்கா சந்தையில் வாங்கும் தக்காளியிலிருந்தே எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தால் முளைக்கும். ஆனால் கடைப் பழம் பெரும்பாலும் ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் செடிகள் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. அதோடு, இங்கே வரும் தக்காளியில் நிறைய மலேசியாவின் கேமரன் மலையில் விளைந்தது. குளிர்ந்த மலைக்கு ஏற்ற ரகம் நம் தாழ்வாரச் சூட்டில் தவிக்கும்.

விதைப் பொட்டலத்தில் 'எஃப்1' என்று போட்டிருந்தால் அது ஒட்டு ரகம். நமக்கு வேண்டியது நாட்டு ரகம். தக்காளிப் பூ பெரும்பாலும் தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். அதனால் நாட்டு ரகத்தின் குணம் அடுத்த தலைமுறையிலும் பெரிதாக மாறாது. இங்கே நன்றாகக் காய்க்கிற, நோயில்லாத செடியைத் தேர்ந்தெடுங்கள். அதில் நல்ல பழத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தில் விதை எடுக்காதீர்கள். நல்ல பழமே விதைக்கு.

செய்முறை

1. நன்றாகச் சிவந்த பழத்தைக் குறுக்காக வெட்டி, விதைகளை அந்த வழவழப்போடு ஒரு கண்ணாடிக் கிளாசில் பிழியுங்கள். கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.

2. மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் 2 நாள் போதும். மேலே வெள்ளையாக ஆடை படியும், புளித்த வாடை வரும், பயப்பட வேண்டாம். பழத்துக்குள் இருக்கும்போதே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அந்த வழவழப்புதான். புளிக்கும்போது அது கரைந்துபோகும். விதையில் ஒட்டி வரும் சில நோய்க் கிருமிகளும் குறையும். 3 நாளுக்கு மேல் விட்டால் கிளாசிலேயே முளை விட ஆரம்பிக்கும்.

3. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, மீதியை டீ வடிகட்டியில் நன்றாகக் கழுவுங்கள்.

4. பீங்கான் தட்டில் பரப்புங்கள். டிஷ்யூ வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். கடும் வெயில் படாமல், மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் காயட்டும். தினமும் விரலால் கிளறிவிடுங்கள்.

5. ஒரு பிடி அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆறியதும் கண்ணாடிப் போத்தலின் அடியில் போடுங்கள். விதையைக் காகித உறையில் இட்டு அதன் மேல் வைத்து மூடுங்கள். மிச்ச ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து உறையைக் காய்ந்த வேறு போத்தலுக்கு மாற்றி, ரகமும் தேதியும் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

நான் தவறியது 2, 4, 5ஆம் படிகளில். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கே விதைக்கு முதல் எதிரி ஈரம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் போத்தலைத் திறக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இப்படிக் காத்தால் தக்காளி விதை 4 ஆண்டுகளாவது தாங்கும்.

விதைக்கும் முன் 10 விதைகளை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். 10 நாளில் 8 முளைத்தால் நல்ல விதை.

கோயில் காட்டும் வழி

கும்பாபிஷேகத்துக்கும் திருவிழாவுக்கும் முன்னால் பாலிகைக் கிண்ணங்களில் தானியங்களை முளைக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்குரார்ப்பணம் என்பது அதுதான். கோபுரக் கலசங்களில் தானியம் நிரப்பும் வழக்கமும் உண்டு. அது அப்படியே கிடப்பதில்லை. அடுத்த கும்பாபிஷேகத்தில் பழையதை எடுத்துப் புதிதை நிரப்புவார்கள். விதையும் அப்படித்தான். பூட்டி வைத்தால் கிழடாகிவிடும். விதைத்து, மறுபடி எடுத்து, புதுப்பிக்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் 'நெல்' ஜெயராமன் செய்ததும் இதைத்தான். ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இப்படி 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். 2018இல் அவர் காலமானார். விதைகள் விவசாயிகளின் வயலில் இருக்கின்றன.

தாத்தா என்ன சொன்னார்?

தாத்தா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பக்கத்து புளோக் மாக்சிக்குக்கும் ஒரு தடவை கொடுத்தேன். போய்க் கேட்டுப் பாரு" என்றார். அந்த மலாய் மாக்சிக் ஒரு காகித மடிப்பை எடுத்து வந்தார். எண்ணினேன்: 11 விதைகள். 7 முளைத்தன. 4 செடிகள் காய்த்தன. முதல் பழத்தைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். வாயில் போடுவார் என்று பார்த்தால், உடனே கத்தி கேட்டார், விதை எடுக்க!

இந்த மாதப் பயிற்சி

ஒரு பழத்தில் விதை எடுத்து மூன்று உறைகளாகப் பிரியுங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு. ஒன்று உங்களுக்கு விதை தந்தவருக்கு. ஒன்று அண்டை வீட்டாருக்கு, அவர் எந்த இனமானாலும் சரி. செடி இல்லாதவர்கள் அருகிலுள்ள சமூகத் தோட்டத்தில் கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தால் தீவெங்கும் அத்தகைய தோட்டங்கள் உள்ளன. உறையைக் கொடுக்கும்போது செய்முறையையும் வாயால் சொல்லிக் கொடுங்கள், முக்கியமாக 4ஆம் படியை.