காருக்குப் ‘புல்லிங்’ கூடணுமா? ரீமேப் பண்றதுக்கு முன்னாலயும் பின்னாலயும் சில குறிப்புகள்

மலை ஏறும்போது கார் திணறினா, பக்கத்து சீட்ல இருக்கிறவர் “ரீமேப் பண்ணிடுங்க, பறக்கும்” என்பார். எந்த நொடியில எவ்வளவு டீசல் பீய்ச்சணும், டர்போ எவ்வளவு காத்தை அமுக்கணும் என்று கணக்குப் போடுற கம்ப்யூட்டர் ஒன்று காருக்குள்ள இருக்கு. மெக்கானிக்குகள் வாயில அது ஈசியூ. கம்பெனி எழுதி வச்ச அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுறதுதான் ரீமேப். எங்க வீட்டு டீசல் ஸ்விஃப்ட்டுக்கு இதைச் செய்யப் போய் நாங்க கத்துக்கிட்டதும், கை சுட்டுக்கிட்டதும் இங்கே.

1. கம்ப்யூட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரைக் கழட்டி வெயில்ல தூக்கிப் பிடிங்க. வெளிச்சம் ஊடுருவி வரலைன்னா காரும் மூச்சு முட்டித்தான் ஓடுதுன்னு அர்த்தம். டீசல் ஃபில்டரையும் எப்போ மாத்தினோம்னு பில்லைத் தேடிப் பாருங்க. பாதி வண்டிகளுக்கு மருந்து இதுவே.

2. எங்க வண்டி கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவையும் அழுதுக்கிட்டே ஏறுச்சு, பின்னாடி கறுப்புப் புகை வேற. ரீமேப்புக்கு அட்வான்ஸ் கொடுக்க வீட்டுக்காரர் கிளம்பிட்டார். தெருமுனை மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து டர்போவுல இருந்து வர்ற ரப்பர் ஹோஸை விரலால தடவிப் பார்த்தார். விரல்ல ஆயில் பிசுக்கு. கிளாம்ப் லூசாகி, அமுக்கின காத்தெல்லாம் வழியில ‘உஸ்’ஸுன்னு போயிட்டிருந்திருக்கு. நாப்பது ரூபா கிளாம்ப்ல பாதி புல்லிங் திரும்பி வந்துடுச்சு! அதனால ஹோஸ் மூட்டுகளை விரலால தடவிப் பார்க்காம யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இன்ஜின் ஆறின பிறகு தடவுங்க.

3. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுதான் ஓபிடி போர்ட். அதுல செருகுற புளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. போன்லயே குறை என்னன்னு காட்டும். பி0299 வந்தா டர்போ காத்து குறையுது, பி0101 வந்தா காத்தை அளக்கிற சென்சார்ல கோளாறுன்னு குறிச்சு வச்சுக்குங்க.

4. அந்தக் காத்து அளக்கிற சென்சார் அழுக்காகியிருந்தா அதுக்குன்னே விற்கிற ஸ்ப்ரேயை மட்டும் அடிங்க. கார்புரேட்டர் கிளீனர் மிச்சம் இருக்கேன்னு அதை அடிச்சா மெல்லிய கம்பி கெட்டுப்போகும். பட்ஸ், துணி எதுவும் உள்ளே போகக் கூடாது.

5. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் புறங்கையை நீட்டுங்க, தொட வேண்டாம். ஜோடியில ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அங்கே பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு. பிரேக்கை இழுத்துக்கிட்டு ஓடுற வண்டிக்கு எத்தனை குதிரை கூட்டினாலும் வீண்.

6. இப்போ இருக்கிற வேகத்தை அளந்து எழுதி வைங்க. ஆள் நடமாட்டமில்லாத சமதளமான ரோட்டுல, மூணாவது கியர்ல 40-லிருந்து 80 வரை போக எத்தனை விநாடின்னு பக்கத்துல இருக்கிறவர் மீட்டரை வீடியோ எடுத்தா போதும். எங்களுக்குக் கிளாம்ப் மாத்துறதுக்கு முன்னாடி 11, மாத்தின பிறகு 9. இந்தத் தாள் கையில இல்லைன்னா, ரீமேப் பண்ணின பிறகு “நல்லாத்தான் இருக்கு” என்று மனசு சொல்றதையே நம்ப வேண்டி வரும்.

7. காசு யாருக்குப் பிரயோஜனம் என்று முதல்லயே தெரிஞ்சுக்குங்க. டர்போ டீசல், டர்போ பெட்ரோலுக்கு நல்லாவே வித்தியாசம் தெரியும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காருக்கு அஞ்சு சதவீதம் கிடைச்சாலே பெரிசு. அந்தப் பணத்துல ஸ்பார்க் பிளக் மாத்தி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணிட்டு மிச்சத்துக்குத் தீபாவளித் துணி எடுங்க.

8. “ஒரே இன்ஜின்தான், சாஃப்ட்வேர்தான் வேற” என்று சொன்னா அப்படியே தலையாட்டாதீங்க. ஃபியட்டோட 1.3 லிட்டர் மல்டிஜெட் ஸ்விஃப்ட்டுல 75 பி.எஸ்., 190 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜின் எர்டிகாவுல 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர். ஆனா எர்டிகாவுல இருக்கிற டர்போவே வேற ரகம், அதோட இதழ்கள் வேகத்துக்கு ஏத்தபடி கோணம் மாறும். கம்ப்யூட்டர்ல எண்ணை மாத்தினா இரும்பு மாறிடாது.

9. ஓபிடி போர்ட்ல செருகினாலே பவர் கூடும், மைலேஜ் கூடும் என்று ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வர்ற குட்டி டப்பாக்களை வாங்கவே வாங்காதீங்க. அந்த மாதிரி ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தவங்க, உள்ளே விளக்கைச் சிமிட்டுற வேலை மட்டும்தான் நடக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. சீரியல் பல்பு வாங்கினா அதைவிட அழகா சிமிட்டும்.

10. ஆக்சிலேட்டர் பெடல்ல மாட்டுற பெட்டி பவரைக் கூட்டாது. பாதி மிதிச்சா முக்கால் மிதிச்ச மாதிரி கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். அந்த வேலையைக் கால் இலவசமாவே செய்யுமே!

11. ‘ட்யூனிங் பாக்ஸ்’ என்கிறது இன்னொரு வழி. டீசல் பிரஷர் சென்சாருக்கு நடுவுல உட்கார்ந்து, பிரஷர் குறைவா இருக்குன்னு ஈசியூகிட்ட பொய் சொல்லும். அதுவும் நம்பி பிரஷரைக் கூட்டும். கழட்டுறது சுலபம்தான். ஆனா பொய்யை நம்பி ஓடுற இன்ஜினைவிட, நேரா கணக்கைத் திருத்தின இன்ஜினுக்குத்தான் என் ஓட்டு.

12. கிளட்சைச் சோதிக்காம ரீமேப் வேண்டாம். காலி ரோட்டுல நாலாவது கியர்ல 50-ல போகும்போது ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க, ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளி, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. அதோட ரீமேப் பண்ணினா மறு வாரமே கிளட்ச் செலவும் வந்து நிக்கும்.

13. ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிறவங்க கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்னு கேளுங்க. ஃபோக்ஸ்வேகனோட ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. தாங்குறது 250 நியூட்டன் மீட்டர், வென்டோ 1.5 டீசல் கம்பெனியில இருந்து வந்தபோதே 250. இடுப்புல துளி இடம் இல்லாத பேன்ட்டைப் போட்டுக்கிட்டுப் பந்தியில உட்கார முடியுமா?

14. மைலேஜுக்காக மட்டும் ரீமேப் பண்ணாதீங்க. லிட்டருக்கு 18 கொடுக்கிற வண்டி 19 கொடுத்தா, டீசல் 92 ரூபாய் என்று வச்சுக்கிட்டா, ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 270 ரூபாய். ரீமேப்புக்கு 20,000 ரூபாய் கொடுத்தா அது திரும்பி வர 74,000 கிலோமீட்டர் ஓட்டணும். மேடேறும்போது கியர் மாத்துற தொல்லை குறையுதே, அதுக்காகப் பண்ணுங்க.

15. அளவு எடுக்காம தச்ச ப்ளவுஸ் மாதிரி, ரெடிமேடா வச்சிருக்கிற ஃபைலை அப்படியே ஏத்திவிடுறவங்க உண்டு. நல்ல ஆள் முதல்ல உங்க வண்டியோட ஃபைலை வெளியே எடுப்பார், ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்ப்பார், எந்த ஊர்ல ஓட்டுறீங்க, எத்தனை பேர் போவீங்க என்று கேள்வி கேட்பார். கேள்வியே கேட்காதவர்கிட்ட வண்டியை விடாதீங்க.

16. “கறுப்புப் புகை வராத அளவுக்கு மட்டும் போதும்” என்று முதல்லயே சொல்லிடுங்க. கறுப்புப் புகை என்கிறது முழுசா எரியாத டீசல். நம்ம பணம்தான் சைலன்சர் வழியா போகுது. பின்னாடி ஸ்கூட்டர்ல வர்ற குழந்தையையும் நினைச்சுக்குங்க.

17. ரீமேப்போட சேர்த்து ‘இ.ஜி.ஆரை அடைச்சுடலாம், டி.பி.எஃப்.பை எடுத்துடலாம்’ என்று சலுகை சொன்னா வேண்டாம்னு எழுந்துடுங்க. இ.ஜி.ஆர். என்கிறது புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுற வால்வு, டி.பி.எஃப். என்கிறது கரியைப் பிடிக்கிற ஃபில்டர். இப்படிப் புகையைக் கட்டுப்படுத்துற சாமான்களை எடுக்கிறது சட்டப்படி தப்பு. இந்த விளையாட்டைக் கம்பெனியே ஆடினதும் உண்டு: சோதனை நடக்கிறதைக் கண்டுபிடிச்சு அப்போ மட்டும் சுத்தமா ஓடுற சாஃப்ட்வேரை ஃபோக்ஸ்வேகன் வச்சிருந்தது 2015 செப்டம்பர்ல அமெரிக்காவுல வெளியே வந்துச்சு. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டி!

18. டி.பி.எஃப். விளக்கு எரிஞ்சா பயந்துபோய் வெட்டி எறிய வேண்டாம். பைபாஸ்ல இருபது நிமிஷம் ஒரே சீரா ஓட்டினா பெரும்பாலும் சேர்ந்த கரியை அதுவே எரிச்சுக்கும். கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் போற டீசல் காருக்கு வாரம் ஒரு தடவை இந்த ஓட்டம் நல்லது.

19. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற கம்பெனி விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. இன்ஷூரன்ஸ்காரருக்கும் மாற்றத்தை மெயில்ல எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்க. வாரண்டியில இருக்கிற வண்டின்னா வாரண்டி முடியுற வரைக்கும் பேச்சே வேண்டாம்.

20. புகை சான்றிதழுக்கு இன்னும் நாள் இருக்கேன்னு விட்டுடாதீங்க. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு அது ஒரு வருஷம் செல்லும். ஆனா ரீமேப் பண்ணின வாரமே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. பாஸ் ஆகலைன்னா கடைக்காரர்கிட்ட திருத்தச் சொல்ல சூடான சாட்சி கையில இருக்கும்.

21. கம்பெனி ஒரிஜினல் ஃபைலோட காப்பியைக் கேட்டு வாங்காம பணம் கொடுக்காதீங்க. பென்டிரைவ்ல ஒண்ணு, உங்களுக்கே மெயில்ல ஒண்ணு, வண்டி நம்பரையும் தேதியையும் தலைப்புல போட்டு வைங்க. எங்களுக்கு முதல்ல பண்ணிக் கொடுத்த கடைக்காரர் இதைக் கொடுக்கவே இல்லை. பிறகு கேட்டா “சிஸ்டம் மாத்திட்டோம்” என்றார். நகைச் சீட்டு மாதிரிதான், அன்னைக்கே வாங்கலைன்னா இல்லை.

22. ஃபைல் ஏத்துற நேரத்துல பேட்டரி இறங்கினா ஈசியூவே செத்துப்போகும். பழைய பேட்டரின்னா முன்னாடியே சோதிச்சுக்குங்க. நிறுத்தி வச்ச வண்டியில 12.6 வோல்ட் இருக்கணும், ஏத்தும்போது சார்ஜரும் மாட்டியிருக்கணும். ஏ.சி., ஹெட்லைட், பாட்டு எல்லாம் ஆஃப். அப்போ ரேடியேட்டர் ஃபேன் தானா முழு வேகத்துல சுத்தினா பயப்படாதீங்க, சில வண்டிகள்ல அது சகஜம்.

23. சில புது வண்டிகள்ல ஈசியூவைக் கழட்டித் திறந்துதான் ஃபைல் எடுக்க முடியும். திறக்கறதுக்கு முன்னாடி சீலை போட்டோ எடுத்து வைங்க, மூடும்போது சுத்தி முழுக்க புது சீலன்ட் வைக்கிறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. ஐப்பசி மழையில உள்ளே ஈரம் போனா செலவு லட்சத்தைத் தொடலாம்.

24. டேஷ்போர்டு காட்டுற மைலேஜை இனிமேல் நம்பாதீங்க. அது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. ரீமேப்ல பீய்ச்சுற நேரத்தை மாத்தியிருந்தா அந்தக் கணக்கே தப்பும். ஒரே பங்க், ஒரே பம்ப்ல டேங்க் நிரப்பி, அடுத்த நிரப்பு வரைக்கும் கிலோமீட்டர் பாருங்க.

25. பழைய தாளை எடுத்து அதே ரோடு, அதே கியர்ல திரும்பவும் விநாடி பாருங்க. எங்களுக்கு 9 போய் ஏழரை ஆச்சு. ஆனா 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ முழிக்கிறதுக்குள்ள வர்ற அந்தச் சோம்பல் மட்டும் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. அது முழுசா போயிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

26. புல்லிங் கூடிடுச்சேன்னு மேட்டுல அஞ்சாவது கியர்லயே உருட்டாதீங்க. குறைஞ்ச ஆர்.பி.எம்.ல முழுசா மிதிக்கிறதுதான் இன்ஜினுக்குப் பெரிய வலி. ஒரு கியர் இறக்குங்க, காசா பணமா!

27. ஆயில் மாத்துறதை 10,000 கிலோமீட்டர்ல இருந்து 7,500-க்குக் கொண்டுவந்துட்டோம். மலை ஏறி நின்னதும் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைங்க, டர்போ ஆறும். அந்த ஒரு நிமிஷத்துல டிக்கியில இருந்து சாமானை இறக்கிடலாம்.

28. டர்போ பெட்ரோலுக்கு அதிக ஆக்டேன் உள்ள பிரீமியம் பெட்ரோல் கணக்குல ரீமேப் பண்ணினா எப்பவும் அதையே ஊத்தணும். விலை வித்தியாசத்தை மாசம் போடுற லிட்டரால பெருக்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. சாதாரண பெட்ரோலுக்கு ஏத்த மாதிரியே எழுதித் தரச் சொல்லலாம். பவர் கொஞ்சம் குறையும், தலைவலி நிறைய குறையும்.

29. சர்வீஸுக்கு விடும்போது “சாஃப்ட்வேர் அப்டேட் என்னைக் கேட்காம போடாதீங்க” என்று ஜாப் கார்டுலயே எழுதச் சொல்லுங்க. அவங்க அப்டேட் போட்டா, நீங்க காசு கொடுத்து எழுதினது மொத்தமா அழிஞ்சுடும்.

30. வண்டியை விற்கும்போது ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏத்திட்டு, வாங்குறவர்கிட்ட விஷயத்தையும் சொல்லிடுங்க. பழைய வண்டி வாங்கப் போறவங்க முழுசா மிதிச்சுக் கண்ணாடியில பின்னாடி பாருங்க. கறுப்பா மேகம் கிளம்பினா, விலையைப் பேசறதுக்கு முன்னாடி ரீமேப் ஆனதான்னு கேளுங்க.

உங்க வீட்டு மெக்கானிக் சொன்ன குறிப்பு ஏதாவது இருந்தா எங்களுக்கும் எழுதுங்க. வண்டி மாடல், வருஷம், ஓடின கிலோமீட்டர் மூணையும் மறக்காம சேர்த்து எழுதுங்க.