பல்லா, தாடையா? கிளிப் போடும் முன் ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே

"பையனுக்குப் பல் முன்னால தூக்கிட்டு இருக்கு, கிளிப் போட்டா சரியாயிடுமா?" தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என எந்தப் பகுதி பல் மருத்துவரிடமும் பெற்றோர் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் அதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. தூக்கியிருப்பது பல் மட்டுமா, மேல்தாடையே முன்னால் இருக்கிறதா, இல்லை கீழ்த்தாடை பின்தங்கிவிட்டதா? கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால்தான் முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். 'லேட்டரல் செஃபலோகிராம்' என்று சீட்டில் எழுதியிருக்கும். தோடு, செயின், ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட்டு, தலை அசையாமல், பற்களைச் சேர்த்துக் கடித்தபடி நிற்க வேண்டும். வலியே இருக்காது.

படம் வந்ததும் அளவு எடுப்பார்கள். மூக்கும் நெற்றியும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே உள்ள எலும்புப் புள்ளி 'என்'. மேல் முன்பற்களின் வேருக்கு அருகே எலும்பு உள்வாங்கும் இடம் 'ஏ'. கீழ்த்தாடையில் அதே போன்ற இடம் 'பி'. 'என்' புள்ளியிலிருந்து மற்ற இரண்டுக்கும் கோடு போட்டால் இடையில் வரும் கோணம்தான் ஏ.என்.பி. சராசரி 2 டிகிரி. 4-ஐத் தாண்டினால் மேல்தாடை முன்னால், அல்லது கீழ்த்தாடை பின்னால். பூஜ்யத்துக்குக் கீழே போனால் நேர்மாறு.

இந்தக் கோணத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது. சிலருக்கு 'என்' புள்ளியே சற்று முன்னால் இருக்கும். தாடைகள் அப்படியே இருந்தாலும் கோணம் குறைவாகக் காட்டும். இதற்காக 1975-இல் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 'விட்ஸ்' அளவைக் கொண்டுவந்தார். (ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயர் அது.) இதில் 'என்' புள்ளிக்கு வேலையே இல்லை. பற்கள் கடிக்கும் கோட்டின் மேல் 'ஏ', 'பி' இரண்டையும் இறக்கி, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார்கள். பெண்களுக்குச் சராசரி 0, ஆண்களுக்கு மைனஸ் 1. இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

இதில் வயது ரொம்ப முக்கியம். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு, உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் கழற்றி மாட்டும் சாதனம் கொடுத்து வளர்ச்சிக்குக் கைகொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் சற்று முன்பே வந்துவிடும். மேல்தாடை பின்தங்கியிருந்தால் இன்னும் சீக்கிரம், 10 வயதுக்குள் காட்டுவது நல்லது. வளர்ச்சி நின்ற பிறகு கிளிப்பால் பல்லைத்தான் நகர்த்த முடியும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். 'பத்தாவது பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போடும் வீடுகள் இதைக் கவனிக்கணும்.

தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் சீரமைப்புக்குத் தனித் துறையே இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. மாம்பலத்திலிருந்து கடற்கரை மின்சார ரயில், திருமயிலை, இந்திரா நகர் பக்கத்திலிருந்து பறக்கும் ரயில். காலையிலேயே போய்விடுங்கள். வேறு இடத்தில் எடுத்த பழைய எக்ஸ்ரே இருந்தால் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.